ஸ்டட் 16 அங்குலமா, 24 அங்குலமா? வீட்டுச் சட்டகத்தில் மரம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

புதுவீட்டுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். மரச்சட்டகத்தில் வீடு கட்டப்போகிறோம். இரண்டு தளம், வெளிச்சுவர் முழுக்க 2×6 (அங்குலக் கணக்கு) கட்டை. வரைபடம் ஏறக்குறைய முடிந்துவிட்டது, கட்டை இன்னும் ஒன்றுகூட வாங்கவில்லை. குளிர் கடுமையான இடம். சூடேற்றும் செலவைக் குறைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் முதல் ஆசை.

வரைபடம் போட்டவர் ஸ்டட்களை, அதாவது சுவருக்குள் செங்குத்தாக நிற்கும் கட்டைகளை, 24 அங்குலத்துக்கு ஒன்றாக வைத்திருக்கிறார். மூலைக்கு இரண்டே கட்டை. சுவரின் தலையில் ஸ்டட்களின் மேல் படுக்கையாக ஓடும் கட்டை, அதாவது பிளேட், இரட்டைக்குப் பதில் ஒற்றை. சில ஜன்னல்களுக்கு மேலே ஹெட்டரே, அதாவது சுமை தாங்கும் குறுக்குக்கட்டையே, இல்லை. சட்டக வேலையை எடுத்திருக்கும் தச்சர் பெரியவர் அதைப் பார்த்ததும் தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார். "முப்பது வருஷமா 16 அங்குலத்துக்கு ஒரு கட்டைதான் வெச்சிருக்கேன். கட்டையக் குறைச்சா வீடு நடுங்கும் தம்பி. நாளைக்கு உன் பிள்ளைங்க இருக்கப்போற வீடு" என்றார்.

இருவர் மேலும் எனக்கு மரியாதை உண்டு. யார் சொல்வதைக் கேட்பது? கட்டையைக் குறைத்தால் உண்மையிலேயே வெப்பம் மிச்சமாகிறதா, அல்லது மரக்கணக்கில் மட்டும்தான் மிச்சமா?

உளிச்சத்தம்:

தம்பி, உங்க தச்சர் பயப்படுறதுல தப்பில்ல. இருபது வருஷத்துக்கு மேல சட்டக வேலை செய்யுறேன், நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். ஒரு பழைய வீட்டுல மூலையப் பிரிச்சப்பதான் மனசு மாறுச்சு.

படுக்கையறை மூலையில கருப்பா பூஞ்சை வந்துக்கிட்டே இருக்கு, எத்தன தடவ பெயிண்ட் அடிச்சாலும் திரும்ப வருதுன்னு கூப்பிட்டாங்க. ஜிப்சம் பலகைய அறுத்து எடுத்தோம். உள்ள மூணு ஸ்டட்ட பெட்டி மாதிரி சேத்து அடிச்சிருந்தாங்க, பழைய வழக்கப்படி. அந்தப் பெட்டிக்குள்ள, குளிர் வராம சுவருக்குள்ள அடைப்போமே, அந்தப் பஞ்சு ஒரு பிடிகூட இல்ல. வெளிப்பலகை அடிச்சதுக்கப்புறம் அந்த ஓட்டைக்குள்ள யாராலயும் கைவிட முடியாது, அதனால காலியாவே மூடிட்டாங்க. கைய வெச்சுப் பாத்தேன், கட்டை ஜில்லுனு இருந்துச்சு, ஆணித்தலையில எல்லாம் துரு. வீட்டுக்குள்ள இருக்குற ஈரக்காத்து அந்தக் குளிர்ந்த மூலையில வந்து தண்ணியா படிஞ்சிருக்கு. வருஷக்கணக்கா.

பலம்னு நெனச்சு வெச்ச கட்டைதான் அந்த வீட்டுக்கு நோயக் கொண்டுவந்துச்சு. அன்னைக்கிலிருந்து ஒவ்வொரு கட்டைய எடுக்கும்போதும் ஒரே கேள்விதான் கேக்குறேன்: இது எந்தச் சுமையத் தாங்குது? பதில் இல்லேன்னா அந்த இடத்துல பஞ்சு இருக்கட்டும்.

வெப்பக்கண்:

வீடுகளின் வெப்ப இழப்பை அளப்பது என் தொழில். புதுவீட்டுக்காரனின் இரண்டாவது கேள்விக்குக் கணக்காகவே பதில் சொல்கிறேன்.

வெப்பத்தடையை 'ஆர்' என்ற எண்ணால் சொல்வோம், எண் கூடினால் தடை கூடும். ஊசியிலை மரத்தின் வெப்பத்தடை அங்குலத்துக்குச் சுமார் ஆர்-1.25. கண்ணாடியிழைப் பஞ்சு அங்குலத்துக்கு ஆர்-3-க்கு மேல். ஆக, ஒரே கனத்தில் மரம் பஞ்சைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தைக் கடத்துகிறது. 2×6 என்று நாம் சொல்லும் கட்டையின் உண்மை அளவு 1½ × 5½ அங்குலம். அந்தக் கட்டை நிற்கும் இடத்தில் தடை ஆர்-6.9 மட்டுமே, இரு கட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் இருக்கும் பஞ்சோ ஆர்-20.

வழக்கமாக 16 அங்குலத்தில் கட்டிய சுவரில் மூலை, ஹெட்டர், பிளேட் எல்லாம் சேர்த்தால் பரப்பில் கால்வாசி மரம்தான். வெளிப்பலகை, ஜிப்சம், காற்றுப் படலம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆர்-2.5 போட்டுக் கணக்கிட்டுப் பாருங்கள். மொத்தச் சுவரின் உண்மைத் தடை ஆர்-16.7 வருகிறது. பஞ்சுப் பொட்டலத்தின் மேல் ஆர்-20 என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்கியவருக்குக் கிடைப்பது அவ்வளவுதான். சுவரைக் கடந்துபோகும் வெப்பத்தில் 44 சதவீதம் அந்தக் கால்வாசி மரத்தின் வழியாகவே போகிறது.

மரப்பங்கை 25-லிருந்து 15 சதவீதத்துக்குக் குறைத்தால் அதே சுவர் ஆர்-18.6 ஆகிறது. ஜன்னலை விட்டு, சுவர் வழியே போகும் வெப்பம் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. கூடுதலாக ஒரு பொருளும் வாங்காமல் கிடைக்கும் பத்து சதவீதம் இது.

வீட்டின் மொத்தச் சூடேற்றும் செலவில் பத்து சதவீதம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கூரை, ஜன்னல், காற்றுக் கசிவு எல்லாம் தனிக்கணக்கு. அமெரிக்க எரிசக்தித் துறையே இந்த முறையை முழுமையாகச் செய்தால் சூடேற்றும், குளிரூட்டும் செலவில் 5 சதவீதம் வரை குறையலாம் என்றுதான் சொல்கிறது.

வைரக்கட்டை:

மன்னிக்க வேண்டும், நான் எதிர்ப்பக்கம். 5 சதவீதத்துக்காக வீட்டின் எலும்பைக் குறைப்பதா?

24 அங்குலத்தில் கட்டிய வீடுகளில் வேலை பார்த்திருக்கிறேன். சுவரில் கை வைத்து அழுத்தினால் ஜிப்சம் பலகை உள்வாங்கும். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் சுவர் அலை அலையாகத் தெரியும். சமையலறை அலமாரியை மாட்டப் போனால் ஸ்டட் கிடைக்காது. கூரைப் பக்கம் அரை அங்குல ஜிப்சம் போட்டால் சில வருடங்களில் தொங்கும். இதெல்லாம் குடியிருப்பவர் தினமும் பார்க்கும் குறைகள்.

இன்னொன்று. மரம் கரியை, அதாவது கார்பனை, தேக்கி வைக்கிற பொருள். ஒரு கன மீட்டர் ஊசியிலை மரத்தில் ஏறத்தாழ 900 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான கரி அடைந்து கிடக்கிறது. மரத்தைத் தாராளமாகப் போடுவதில் சுற்றுச்சூழலுக்கு என்ன கேடு?

சுமைக்கணக்கு:

கட்டமைப்புப் பொறியாளராகச் சில எண்களைச் சொல்கிறேன். "கட்டையைக் குறைத்தால் வீடு நடுங்கும்" என்பதைச் சோதித்துப் பார்த்துவிடலாம்.

பல பத்தாண்டுகளாகக் கோடிக்கணக்கான வீடுகள் 2×4 கட்டையை 16 அங்குலத்தில் நிறுத்திக் கட்டியவை. அவற்றை யாரும் பலவீனம் என்று சொல்வதில்லை. அதோடு 2×6 கட்டையை 24 அங்குலத்தில் வைத்த சுவரை ஒப்பிடுங்கள். ஓர் அடி நீளச் சுவருக்கு, வளைவைத் தாங்கும் வலிமை 1.6 மடங்கு. காற்று அடிக்கும்போது வளையாமல் நிற்கும் விறைப்பு 2.6 மடங்கு. கட்டையின் ஆழம் கூடும்போது விறைப்பு அதன் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதுதான் காரணம். ஆக உங்கள் தச்சர் தன் வாழ்நாளில் கட்டிய 2×4 சுவர்களைவிட இந்தச் சுவர் உறுதியானது. அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இதில் இன்னொரு உண்மையும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. இந்த இரண்டு சுவர்களிலும் ஓர் அடிக்கு ஆகும் ஸ்டட் மரம் ஏறக்குறைய ஒன்றுதான். 2×6-க்கு மாறியவர் 16 அங்குல இடைவெளியையும் பிடித்துக்கொண்டால்தான் மரம் வீணாகிறது. 40 அடி நேர்ச்சுவருக்கு 16-ல் 31 ஸ்டட், 24-ல் 21 ஸ்டட்.

எல்லை எங்கே என்றால், அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதியில் 2×6 ஸ்டட் தலைக்கு மேல் ஒரு தளமும் கூரையும் இருக்கும்வரை 24 அங்குலத்தில் நிற்கலாம். மேலே இரண்டு தளமும் கூரையும் வந்தால் 16-தான். உங்கள் வீடு இரண்டு தளம், எனவே கீழ்ச்சுவரும் 24-ல் நிற்கும். இருந்தாலும் உங்கள் இடத்து விதியையும் பனிச்சுமையையும் ஒரு பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

இந்த முறை நேற்று முளைத்ததும் அல்ல. 1970-களில் அமெரிக்க வீடு கட்டுவோர் சங்கத்தின் ஆராய்ச்சிப் பிரிவு, அந்நாட்டு வீட்டுவசதித் துறைக்காக ஆராய்ந்து தொகுத்தது. அப்போது நோக்கம் வீட்டின் விலையைக் குறைப்பது. வெப்பச் சேமிப்பு பிறகுதான் பெரிதாகப் பேசப்பட்டது.

உளிச்சத்தம்:

வைரக்கட்டை அண்ணன் சொன்ன குறை எல்லாம் நெசம். நானும் பாத்திருக்கேன். ஆனா அது ஒவ்வொண்ணுக்கும் வழி இருக்கு அண்ணே.

கூரைப் பக்கம் ⅝ அங்குல ஜிப்சம், இல்லேன்னா தொங்காத ரகம்னு தனியா வருது, அதப் போடுங்க. சுவர்லயும் ⅝ போட்டா கை வெச்சா உள்வாங்காது. அலமாரி வர்ற இடம், கைப்பிடி வர்ற இடம், வாஷ்பேசின் வர்ற இடம் எல்லாம் முன்கூட்டியே தெரியும்ல? அங்க படுக்கையா ஒரு கட்டைய ஸ்டட்டுக்கு நடுவுல அடிச்சு வெச்சிரணும். மூடுறதுக்கு முன்னாடி டேப்ப விரிச்சுப் புடிச்சு ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. பின்னாடி ஆணி அடிக்கப் போறப்ப அந்தப் போட்டோதான் கை குடுக்கும்.

சுவர் அலை அலையா தெரியிறதுக்குக் காரணம் கட்டையத் தேர்ந்தெடுக்காததுதான். 16-ல ஒரு கோணக்கட்டை இருந்தா பக்கத்துக் கட்டைங்க மறைச்சிரும். 24-ல மறைக்காது. அதனால ஒவ்வொரு ஸ்டட்டையும் ஒரு கண்ண மூடி நுனியிலேர்ந்து பாக்கணும். லேசான முதுகு வளைவுன்னா எல்லாத்தையும் ஒரே பக்கம் பாத்து நிறுத்தணும். முறுக்கிக்கிட்டதத் தள்ளி வைங்க, அது துண்டு போட ஆகும்.

மூலைக்கு வர்றேன். ரெண்டு கட்டை மூலையில ஜிப்சம் பலகையோட ஓரத்தப் புடிக்க மூணாவது கட்டை இருக்காது, அதுக்குன்னு சின்ன உலோகக் கிளிப் இருக்கு. கிளிப்புல நிக்கிற பலகை கட்டையோட சேந்து இழுபடாது, அதனால மூலையில விரிசலும் கொறையும். கிளிப் வேண்டாம்னா மூணாவது கட்டையத் தட்டையா திருப்பி அடிங்க. பெட்டி ஆகாது, உள்பக்கத்துலேர்ந்து பஞ்சு போகும். எனக்குப் புடிச்சது ரெண்டாவதுதான், ஏன்னா புது ஆளுங்க கிளிப்ப மறந்துருவாங்க.

உள்சுவர் வந்து வெளிச்சுவர்ல முட்டுற இடத்துலயும் இதே கதைதான். அங்க ரெண்டு ஸ்டட் கூட நிறுத்துறதுக்குப் பதிலா ஏணிப்படி மாதிரி துண்டுக்கட்டைய ரெண்டடிக்கு ஒண்ணு தட்டையா அடிச்சா உள்சுவர் கெட்டியா நிக்கும், பின்னாடி பஞ்சும் ஓடும். வெட்டுத்துண்டு எல்லாம் அங்கேயே செலவாயிரும்.

வெப்பக்கண்:

கரி பற்றி வைரக்கட்டை ஐயா சொன்னது பாதி சரி. மரம் கரியைத் தேக்குவது உண்மை. ஆனால் வெளிச்சுவரில் சுமையே தாங்காத கட்டை, வீடு நிற்கும் காலமெல்லாம் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. அதே கட்டையை உள்சுவரிலோ, தளத்திலோ, இன்னொரு வீட்டிலோ வைத்தால் கரி அங்கேயும் தேங்கித்தான் நிற்கும், வெப்பமும் போகாது. காட்டிலிருந்து வந்த மரத்தை மதிப்பவர் அதை வேலை இருக்கிற இடத்தில் வைப்பார் என்றே நான் நினைக்கிறேன்.

பழைய வீடுகளுக்குப் போகும்போது சுவர்களில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். குளிர்ப்பகுதி வீட்டின் வெள்ளைச் சுவரில், தரையிலிருந்து கூரைவரை, சம இடைவெளியில் மங்கலான சாம்பல் கோடுகள் ஓடும். வீட்டுக்காரர்கள் அழுக்கு என்று துடைப்பார்கள், சில மாதங்களில் அதே இடத்தில் திரும்ப வரும். அளந்து பார்த்தால் கோட்டுக்குக் கோடு 16 அங்குலம். ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் ஒரு ஸ்டட். மரம் வெப்பத்தைக் கடத்துவதால் அந்தப் பட்டை மட்டும் குளிர்ந்து, காற்றில் மிதக்கும் தூசி அங்கேயே படிகிறது. வெப்பக் கேமராவில் நான் காட்டுவதைச் சுவர் தானாகவே வரைந்து காட்டியிருக்கும்.

நீலவானம்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இந்த முறையில்தான் வீடு கட்டினோம். இப்போது நான்காவது குளிர்காலம். எங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னால் தம்பிக்கு உதவும்.

வரைபடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது: ஒற்றைப் பிளேட், 24 அங்குலம், தளக்கட்டை, ஸ்டட், கூரை டிரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்) மூன்றும் ஒரே கோட்டில். ஆனால் கட்டை வாங்கியவர் வழக்கம்போல் 92⅝ அங்குலத்துக்கு வெட்டி வரும் ஸ்டட்களை இறக்கிவிட்டார். அது இரட்டைப் பிளேட்டுக்கான நீளம். ஒற்றைப் பிளேட்டுக்கு 94⅛ வேண்டும். ஒன்றரை அங்குலம்தானே வித்தியாசம் என்று தோன்றும். முதல் சுவரைத் தூக்கி நிறுத்திய பிறகுதான் ரசமட்டம் பிடித்துக்கொண்டிருந்தவர், "அம்மா, உயரம் உதைக்குது" என்றார். எட்டடி ஜிப்சம் பலகை அந்த உயரத்தில் நிற்காது. ஒவ்வொரு பலகையையும் வெட்ட வேண்டிவரும்.

அதைச் சமாளிப்பதற்குள் கூரை டிரஸ் வந்து இறங்கியது. டிரஸ் செய்தவர்கள் வீட்டின் கிழக்கு மூலையிலிருந்து அளந்திருக்கிறார்கள், நாங்கள் ஸ்டட்டை மேற்கு மூலையிலிருந்து. வீட்டின் நீளம் இரண்டடியின் மடங்காக இல்லாததால் டிரஸ்கள் ஸ்டட்டின் தலையில் உட்காராமல் ஏழு அங்குலம் தள்ளி உட்கார்ந்தன. ஒற்றைப் பிளேட்டில் அப்படி விடக்கூடாது, சுமை பிளேட்டை நடுவில் அழுத்தி வளைத்துவிடும் என்று பொறியாளர் சொல்லிவிட்டார்.

கடைசியில் எல்லாச் சுவர் மேலும் இரண்டாவது பிளேட் அடித்தோம். குட்டை ஸ்டட்டின் உயரக்குறையும் அதிலேயே சரியாகிவிட்டது. ஆனால் ஒரு வாரம் வேலை நின்றது, என் கணவரும் நானும் அன்றைக்குச் சாப்பிடக்கூட இல்லை. தவறு அந்த முறையில் இல்லை. அளவு எங்கிருந்து தொடங்குகிறது என்பதை எல்லோருக்கும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்காததுதான் தவறு.

வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டால், நன்றாக இருக்கிறது. மூலையில் கட்டில் போட்டிருக்கிறோம், சுவரில் சாய்ந்தால் சில்லென்று இருப்பதில்லை.

சுமைக்கணக்கு:

நீலவானம் அக்கா சொன்னது இந்த இழையிலேயே முக்கியமான பதிவு. ஒற்றைப் பிளேட் போட வேண்டுமானால் கூரைக்கட்டையின் மையம் ஸ்டட்டின் மையத்திலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேல் விலகக்கூடாது. பிளேட்டின் இணைப்புகளிலும் மூலைகளிலும் 3 × 6 அங்குல உலோகத் தகடு போட்டு இரு பக்கமும் ஆறாறு ஆணி அடிக்க வேண்டும். இரட்டைப் பிளேட்டில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பிணைத்துக்கொள்வதால் கிடைக்கும் பிடிப்பை அந்தத் தகடுதான் தருகிறது.

ஒற்றைப் பிளேட்டுக்கு ஒரு சாதகமும் உண்டு. மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். சுவர் உயரத்தில் குறுக்காகப் படுத்திருப்பவை பிளேட்டுகள்தான். ஒரு பிளேட் குறைந்தால் கட்டை உலரும்போது வீடு அமிழ்வதும் அந்த அளவு குறையும். அதனால்தான் வாங்கும்போதே ஈரப்பதம் 19 சதவீதத்துக்குள் இருக்கும் உலர்ந்த கட்டையாகப் பார்த்து வாங்கச் சொல்கிறேன்.

ஆனாலும் வரிசை போடச் சொன்னால் ஒற்றைப் பிளேட்டைக் கடைசியில்தான் வைப்பேன். அதில் கிடைக்கும் வெப்ப மிச்சம் சிறிது, தவறு நடந்தால் வரும் சிக்கல் பெரிது. மூலையும் ஹெட்டரும் முதலில்.

ஹெட்டர் என்பது நம்முடைய லிண்டல் செய்கிற வேலையைத்தான் செய்கிறது. ஜன்னலுக்கு மேலே வரும் சுமையை இரு பக்கமும் இறக்குகிறது. நான் பார்க்கும் வரைபடங்களில் பெரும்பாலானவற்றில் மூன்றடி ஜன்னலுக்கும் எட்டடிக் கதவுக்கும் ஒரே அளவு ஹெட்டர்தான். கேட்டால், "எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வெட்டினா வேலை சுலபம்" என்பார்கள். கூரைச் சுமையோ தளச் சுமையோ இறங்காத முக்கோணப் பக்கச் சுவரில் ஹெட்டருக்கு வேலையே இல்லை, தட்டையாக ஒரு கட்டை போதும். சுமை இறங்கும் சுவரிலும் சிறிய திறப்புக்கு ஒற்றைப் பலகை பல நேரம் போதுமானது. 2×6 சுவரின் 5½ அங்குல ஆழத்தில் இரட்டைப் பலகை ஹெட்டர் 3 அங்குலத்தை எடுத்துக்கொள்ளும், பஞ்சுக்கு 2½ மிச்சம். ஒற்றைப் பலகை என்றால் 4 அங்குலம் மிச்சம். அந்த இடத்தை மரத்தால் அடைத்துவிடாமல் காப்புப்பொருளுக்கு விடுங்கள்.

ஜன்னலின் ஒரு பக்கமாவது ஏற்கெனவே நிற்கிற ஸ்டட்டில் வந்து சேருமாறு வரைபடத்தில் நாலைந்து அங்குலம் நகர்த்திப் பாருங்கள். 24 அங்குல இடைவெளியில் இரு ஸ்டட்டுக்கு நடுவே 22½ அங்குலம் திறந்திருக்கும். குளியலறை, மாடிப்படி போன்ற இடங்களில் அந்த அகலத்துக்குள் ஜன்னல் வாங்கினால் ஒரு கட்டையையும் வெட்ட வேண்டாம், ஒன்றையும் சேர்க்கவும் வேண்டாம்.

வைரக்கட்டை:

சுமைக்கணக்கு தந்த எண்களை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. பலம் பற்றி நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நிலநடுக்கமும் புயலும் வரும் இடங்களில்?

சுமைக்கணக்கு:

ஐயா, அங்கே கவனம் வேண்டும். பக்கவாட்டு விசையைத் தாங்குவது ஸ்டட்டின் எண்ணிக்கை இல்லை, அதன் மேல் அடித்த ஓ.எஸ்.பி. (மரச்சீவல்களை ஒட்டி அழுத்திய பலகை) அல்லது பிளைவுட் பலகையும் அதன் ஆணி வரிசையும்தான். ஆணி ஓரத்தில் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று, நடுவில் எத்தனைக்கு ஒன்று என்பதைப் பொறியாளர் எழுதிக் கொடுப்பார், அதில் ஒன்றுகூடக் குறையக்கூடாது. பக்கவாட்டு விசையைத் தாங்கும் இந்த வெட்டுச்சுவரின் (ஷியர் வால்) இரு முனைகளிலும் சுவர் தூக்கிக்கொள்ளாமல் அடித்தளத்தோடு பிணைக்கும் இரும்புப் பிடி வரும், அதற்கு அங்கே இரட்டை ஸ்டட்டோ கனமான கட்டையோ வேண்டும். அந்தக் கட்டைக்குச் சுமை இருக்கிறது, எனவே அது நிற்கட்டும். உளிச்சத்தம் முதலில் கேட்ட கேள்விதான் இங்கேயும்.

புதுவீட்டுக்காரன்:

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதியிருக்கிறீர்கள், நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஒரு சந்தேகம். வெளிப்பக்கம் முழுவதும் தொடர்ச்சியாகக் காப்புப் பலகை ஒட்டிவிட்டால் ஸ்டட் வழியே போகும் வெப்பம் தானே நின்றுவிடும்? அப்புறம் எதற்கு உள்ளே இந்தச் சிரமம்?

வெப்பக்கண்:

நல்ல கேள்வி. முன்பு போட்ட அதே சுவரில் வெளியே ஆர்-5 பலகை ஒட்டினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். மரப்பங்கு 25 சதவீதம் இருந்தாலும் ஆர்-16.7, ஆர்-22.4 ஆக ஏறுகிறது. மரத்தைக் குறைத்ததால் மட்டும் கிடைத்த ஏற்றத்தைவிட இது மிகப் பெரிது. ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் வெளிக்காப்புப் பலகையைச் செய்யுங்கள் என்பேன். இரண்டையும் செய்தால் ஆர்-24.2. வெளிக்காப்புப் பலகைக்குச் செலவு உண்டு, கட்டையைக் குறைப்பதற்கு யோசனை மட்டுமே செலவு. பிறகு ஏன் விட வேண்டும்?

ஓர் எச்சரிக்கை. குளிர்ப்பகுதியில் வெளிக்காப்புப் பலகையை மெல்லியதாகப் போட்டுத் திருப்திப்பட்டுவிடக் கூடாது. சுவருக்குள் ஈரம் குளிர்ந்து நீராகாமல் இருக்க, சட்டகத்தின் வெளிமுகம் போதிய கதகதப்பில் இருக்க வேண்டும். உள்பக்கம் பெயிண்ட் மட்டுமே ஆவித்தடையாக இருக்கும் 2×6 சுவருக்கு, அமெரிக்க விதியின் 5-ஆம் தட்பவெப்ப மண்டலத்தில் குறைந்தது ஆர்-7.5, அதைவிடக் குளிரான 6-ஆம் மண்டலத்தில் ஆர்-11.25 வேண்டும். சுவர் ஆழமாக ஆக, உள்ளே பஞ்சு கூடக் கூட, வெளியேயும் கூட்ட வேண்டியிருக்கிறது. ஆண்டு முழுக்கக் குளிர்சாதனம் ஓடும் வெக்கையான, ஈரமான பகுதிகளில் ஆவி வெளியிலிருந்து உள்ளே வரும். அங்கே உள்பக்கம் பாலித்தீன் தாளை ஒட்டுவது பெருந்தவறு, ஈரம் அதன் முதுகிலேயே சிக்கிக்கொள்ளும்.

இத்தனைக்கும் முன்னால் காற்றுக் கசிவு. அடிப்பிளேட்டுக்கும் தரைக்கும் நடுவே, தளங்களின் விளிம்புக்கட்டையில், மின்கம்பி நுழையும் துளைகளில் காற்று புகுந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. பஞ்சைத் திணிக்காதீர்கள். மின்கம்பி வரும் இடத்தில் பஞ்சைக் கனவாக்கில் இரண்டாகப் பிரித்து, கம்பியின் முன்னும் பின்னும் விடுங்கள். 22½ அங்குலப் பள்ளத்துக்கு அதற்கென்று வரும் அகலப் பஞ்சையே வாங்குங்கள். 16 அங்குலப் பஞ்சை ஒட்டுப்போட்டு நிரப்பினால் ஒவ்வோர் ஒட்டிலும் ஓர் இடுக்கு.

உளிச்சத்தம்:

இன்னொண்ணு தம்பி, வெளிப்பூச்சுப் பலகையோட, அதான் எல்லாத்துக்கும் வெளியில அடிக்கிற பலகையோட, அட்டைய எடுத்துப் படிங்க. சில ரகம் 16 அங்குலத்துக்கு ஒரு ஆணி கேக்கும், 24-ல அடிச்சா உத்தரவாதம் செல்லாது. அதுக்காகச் சட்டகத்த மாத்தாதீங்க, 24-க்கு ஒத்துவர்ற ரகத்த எடுங்க.

உங்க தச்சரோட உக்காந்து பேசுங்க. தாளக் காட்டி இப்படித்தான் செய்யணும்னு சொல்லாதீங்க. ஒரு மூலைய மட்டும் துண்டுக்கட்டையில ரெண்டு விதமாவும் அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. எங்களுக்கெல்லாம் கை பாத்தாதான் மனசு ஒப்பும்.

புதுவீட்டுக்காரன்:

அண்ணா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஞாயிறு காலை பெரியவர் வந்தார். இரண்டு மூலைகளையும் ஒன்றரை அடி உயரத்தில் அவரே அடித்தார். பழைய மூலைக்குள் கை போகிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார், போகவில்லை. புது மூலைக்குள் முழங்கைவரை போனது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இத்தன வருஷமா ஓட்டைய மூடிட்டு வந்திருக்கேனே" என்றார். எனக்குத்தான் கஷ்டமாகிவிட்டது.

இப்போது முடிவானது இது: 24 அங்குல இடைவெளி, தட்டைக்கட்டை வைத்த திறந்த மூலை, உள்சுவர் முட்டும் இடத்தில் ஏணித் துண்டுகள், திறப்புக்குத் திறப்பு கணக்குப் போட்ட ஹெட்டர், வெளியே எங்கள் மண்டலத்துக்கு வேண்டிய கனத்தில் காப்புப் பலகை. பிளேட் மட்டும் இரட்டையாகவே இருக்கட்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார், ஒப்புக்கொண்டேன். நீலவானம் அக்கா எழுதியதைப் படித்த பிறகு எனக்கும் அதுதான் நிம்மதி. இரண்டு ஜன்னல்களை ஐந்தைந்து அங்குலம் நகர்த்தியதில் நான்கு ஸ்டட் குறைந்தது.

நீலவானம்:

மிகவும் சந்தோஷம் தம்பி. இரட்டைப் பிளேட் என்றாலும் அளவு தொடங்கும் மூலையை விட்டுவிடாதீர்கள், மேலும் கீழும் ஒரே கோட்டில் வந்தால் குழாய்க்கும் கம்பிக்கும் வழி நேராகக் கிடைக்கும். டிரஸ் ஆர்டர் கொடுக்கும் தாளில் அந்த மூலையைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, "இங்கிருந்து அளக்கவும்" என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டட் வந்து இறங்கியதும் ஒன்றை எடுத்து டேப் வைத்துப் பாருங்கள். உங்களுக்கு 92⅝.